தலைவர் வழியாக

"சாவி எடுத்துக்கிட்டியா?"

"எடுத்துக்கிட்டேன்."

"குடை?"

"வெயில் இப்படி அடிக்குது. குடை எதுக்கு?"

"இல்ல, வழியில பெஞ்சா?"

"பெஞ்சா நனைஞ்சுக்கறேன்."

"சரி."

"அப்ப நான் போயிட்டு வரேன்."

"ம்."

அவன் மனைவி வீட்டை விட்டுப் போன அன்று இருவரும் பேசிக்கொண்டது இவ்வளவுதான். அவன் கல்லூரிக் கால்பந்து அணியின் துணைப் பயிற்சியாளர். தோற்ற ஆட்டத்தைத் திரும்பத் திரும்ப ஓட்டிப் பார்த்து, எந்த இடத்தில் கோட்டைவிட்டோம் என்று கண்டுபிடிப்பது அவன் தொழில். இந்த உரையாடலையும் அப்படித்தான் ஓட்டிப் பார்ப்பான். சாவி வரைக்கும் ஆட்டம் சரியாகத்தான் போயிருந்தது. குடையில் கொஞ்சம் தடுமாற்றம். கடைசி 'ம்' நேராக உள்ளே போன கோல்.

அந்த 'ம்'முக்குப் பிறகும் அவள் உடனே கிளம்பவில்லை. குனிந்து செருப்பின் வாரை மாட்டிக்கொண்டிருந்தாள். ஒரு வாரை மாட்ட அவ்வளவு நேரம் ஆகாது என்பது அவனுக்கு அப்போது தோன்றவில்லை.

சண்டை ஒன்றும் இல்லை. மாமனாருக்கு இடுப்பில் அறுவை சிகிச்சை. இரண்டு வாரம் கூட இருந்து பார்த்துக்கொள்ளப் போனாள். மாமனார் தேறினார். தடியை ஊன்றி நடந்தார், பிறகு தடியில்லாமல் நடந்தார், இப்போது காய்கறிப் பையைத் தானே தூக்கிக்கொண்டு மாடிப்படி ஏறுகிறார். மகள்தான் இன்னும் அங்கேயே இருக்கிறாள்.

"சண்டையில்லன்னா போய்க் கூப்பிட்டுட்டு வாடா," என்றாள் அவனுடைய அக்கா, தொலைபேசியில்.

"அவ வீட்டுக்கு வர்றதுக்கு அவளை எதுக்குக்கா கூப்பிடணும்?"

"கூப்பிட்டா உன் வாயில முத்தா உதிர்ந்துடும்?"

முத்து உதிரவில்லை. வார்த்தையும் உதிரவில்லை. நாள்கள் போயின. வருத்தம் என்றும் அதைச் சொல்ல முடியாது. ரொம்ப நேரம் மடக்கி உட்கார்ந்தால் கால் மரத்துப் போகுமே, அதுபோல. வலி இல்லை, எழுந்து நடக்கவும் முடியாது. துணி துவைத்தால் கொடியில் பாதி வரைக்கும்தான் காயப்போடுவான். மறுபாதி காலியாக ஆடிக்கொண்டிருக்கும்.

இத்தனைக்கும் அவளும் அதே கல்லூரியில்தான் வேலை பார்த்தாள். புள்ளியியல் விரிவுரையாளர். மாலையில் இருவரும் ஒரே வாசலில் வெளியே வந்து, சாலையின் எதிரெதிர் நிறுத்தங்களில் நின்று, எதிரெதிர்த் திசையில் போகும் பஸ்களில் ஏறினார்கள்.

இந்த நிலையில்தான் கல்லூரி ஒரு குழு அமைத்தது.

*

ஆண்டுதோறும் போட்டிகள் தொடங்குவதற்கு முன்னால் ஒரு முன்னோட்ட ஆட்டம் ஆடுவது கல்லூரியின் வழக்கம். உடம்பில் சூடு ஏறட்டும், பயம் தெளியட்டும் என்று, நிச்சயமாகத் தோற்கக்கூடிய ஓர் அணியைக் கூப்பிட்டு ஆடுவார்கள். பஸ் டெப்போ ஊழியர்கள் வருவார்கள், தோற்பார்கள், டீயும் பன்னும் சாப்பிட்டுவிட்டுப் போவார்கள். போன வருடம் கல்லூரி ஏழு கோல் போட்டு ஜெயித்தது. அடுத்த வாரம் நிஜப் போட்டியின் முதல் ஆட்டத்தில் நான்கு கோல் வாங்கித் தோற்றது. அதற்கு முந்தைய வருடம் மழையால் முன்னோட்ட ஆட்டம் நடக்கவில்லை. அந்த வருடமும் தோற்றது.

"ஆடினாலும் தோக்கறோம், ஆடாட்டியும் தோக்கறோம்," என்றார் துணை முதல்வர், ஆசிரியர் கூட்டத்தில். "தோக்கறதைப் பத்தி எனக்கு ஒண்ணுமில்ல. ஆனா எதனால தோக்கறோம்னு தெரியாம தோக்கறது ஒரு கல்வி நிறுவனத்துக்கு அழகு இல்ல."

கை தட்டினார்கள். 'முன்னோட்ட ஆட்டப் பயன் ஆய்வுக் குழு' பிறந்தது.

துணை முதல்வரே தலைவர். மாணவர்கள் அவருக்குப் 'பூர்வாங்கம்' என்று பெயர் வைத்திருந்தார்கள். 'பூர்வாங்கமா' என்ற சொல் இல்லாமல் அவரால் ஒரு வாக்கியத்தைத் தொடங்க முடியாது. ஒரு பூர்வாங்கக் கூட்டம் இல்லாமல் எந்தக் கூட்டத்தையும் தொடங்க மாட்டார். தலைமைப் பயிற்சியாளர் ஓர் உறுப்பினர். அவரைப் பெரிய மாஸ்டர் என்பார்கள். ஓய்வு பெற ஒரு வருடம் இருந்தது. அதை உட்கார்ந்தபடியே கழித்துக்கொண்டிருந்தார். எண்ணிக்கை விஷயம் என்பதால் புள்ளியியல் துறையிலிருந்து ஒருவர். பந்து விஷயம் என்பதால் துணைப் பயிற்சியாளர். நடப்பதையெல்லாம் எழுதிவைக்க அலுவலகத்திலிருந்து ஓர் எழுத்தர் அம்மா.

முதல் கூட்டம் வேதியியல் சாமான் அறைக்குப் பக்கத்து அறையில் நடந்தது. பன்னிரண்டு பேர் உட்காரும் மேசையில் ஐந்து பேர். தண்ணீர்ப் புட்டிகள் வரிசையாக இருந்தன. அவை வெளியிலிருந்து வரும் விருந்தினருக்கு என்பதால் யாரும் தொடவில்லை.

"பூர்வாங்கமா ஒரு சிக்கலைத் தீர்த்துடுவோம்," என்றார் துணை முதல்வர். "கணவனும் மனைவியும் ஒரே குழுவில இருக்கக் கூடாதுன்னு நம்ம விதி சொல்லுது."

"அப்ப நான் விலகிக்கறேன் சார்," என்றாள் அவள்.

"அவசரப்படாதீங்கம்மா. விதியை முழுசாப் படிக்கணும். 'ஒரே வீட்டில் வசிக்கும் கணவன் மனைவி'ன்னு போட்டிருக்கு." கண்ணாடியைக் கழற்றினார். "நீங்க ரெண்டு பேரும் இப்ப...?"

மின்விசிறி ஒவ்வொரு சுற்றுக்கும் ஒரு தரம் முனகியது. அவன் புட்டிகளைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"தனித்தனியா இருக்கோம்," என்றாள் அவள்.

"ரொம்ப நல்லது," என்றார் துணை முதல்வர், உள்ளபடியே மகிழ்ந்து. "குழுவுக்கு இது பெரிய வசதி. எழுதிக்கங்கம்மா. ஒவ்வொரு கூட்டத்திலயும் இதை ஒரு தடவை உறுதிப்படுத்திடணும். நடுவுல நிலைமை மாறிச்சுன்னா அதுவரைக்கும் செஞ்ச ஆய்வு செல்லாது. பூர்வாங்கத்தில இருந்து ஆரம்பிக்கணும்."

"மாறாதுங்களே?" என்று எழுத்தர் அம்மா தயங்கிக் கேட்டார்.

யாரும் பதில் சொல்லவில்லை. பதில் சொல்லாததை அவர் எப்படி எழுதினார் என்று தெரியவில்லை, ஏதோ எழுதினார்.

இன்னொரு விதியும் இருந்தது. உறுப்பினர்கள் ஒருவரோடு ஒருவர் நேரடியாகப் பேசக்கூடாது. எது சொன்னாலும் தலைவரைப் பார்த்துச் சொல்ல வேண்டும். தலைவர் வழியாகத்தான் அது அடுத்தவரைப் போய்ச் சேரும். பெரிய மாஸ்டருக்கு இது பிடிபடவே இல்லை. அவர்கள் இருவருக்கும் சுலபமாக வந்தது.

*

இரண்டாம் கூட்டம், ஆய்வை எப்படிச் செய்வது என்பது பற்றி.

"நிலையில் மாற்றம் உண்டா?" என்று தொடங்கினார் துணை முதல்வர்.

"இல்லை," என்றாள் அவள்.

"இல்லை," என்றான் அவன்.

"சந்தோஷம். புள்ளியியல் என்ன சொல்லுது?"

அவள் பொறுமையாகச் சொன்னாள். ஓர் ஆட்டம் ஆடிவிட்டு அது பயன் தந்ததா என்று சொல்ல முடியாது. ஆடிய அணிகள் பல, ஆடாத அணிகள் பல, பல வருடங்கள் வேண்டும். நம்மிடம் இருப்பது ஒரே ஓர் அணி. ஆகவே இந்தக் கேள்விக்கு இங்கே விடை கிடைக்காது.

துணை முதல்வர் கண்ணை மூடிக் கேட்டார். திறந்தபோது அதில் ஓர் ஒளி இருந்தது.

"ஆடினவங்க, ஆடாதவங்க. ரெண்டு தரப்பு வேணும். அவ்வளவுதானே? ஒரே அணிதான் இருக்குன்னா, அதைப் பிரிச்சுட்டாப் போச்சு. அஞ்சு பேர் முன்னோட்ட ஆட்டத்தில பயன் பெறுவாங்க. அஞ்சு பேர் பெற மாட்டாங்க. நிஜ ஆட்டத்தில யார் நல்லா ஆடறாங்கன்னு பாத்துடலாம்."

"தலைவர் வழியா சொல்றேன் சார். இது ஆய்வே இல்ல."

"அதைத்தாம்மா ஆய்வு பண்ணப் போறோம்."

பெரிய மாஸ்டர் கூட்டம் தொடங்கியதிலிருந்து முதல் முறையாக வாயைத் திறந்தார். "அஞ்சும் அஞ்சும் பத்து. கோல்கீப்பர்?"

குழு யோசித்தது.

"முதல் பாதியில பயன் பெறட்டும்," என்றார் துணை முதல்வர். "ரெண்டாம் பாதியில வேண்டாம்."

கோல்கீப்பரை அணியில் 'தூண்' என்று கூப்பிடுவார்கள். அசையாமல் நிற்பதால் வந்த பெயர்; பாராட்டா, கிண்டலா என்று அவனுக்கே தெரியாது. அவனைப் பாதியாகப் பிரித்த செய்தியைத் துணைப் பயிற்சியாளர்தான் போய்ச் சொல்ல வேண்டியிருந்தது.

"நீளவாக்குலயா சார், குறுக்குவாக்குலயா?" என்று கேட்டான் தூண்.

அன்று மாலை மழை பிடித்துக்கொண்டது. எதிர் நிறுத்தத்தில் அவள் குடையில்லாமல் ஒதுங்கி நின்றாள். அவன் குடையோடு சாலையைக் கடந்தான். சொல்ல வேண்டியது இரண்டே சொல்: வீட்டுக்கு வா. அதை எடுத்த எடுப்பில் சொல்லிவிட முடியுமா? முதலில் கொஞ்சம் சூடேற்றிக்கொள்ள வேண்டாமா?

"அப்பா எப்படி இருக்காங்க?"

"நல்லா இருக்காங்க."

"மாத்திரை?"

"சாப்பிடறாங்க."

"நடக்கறாங்களா?"

"ஓடறாங்க."

மழை கூரைத் தகரத்தில் கொட்டியது. அவள் அவனையே பார்த்தாள். "வேற ஏதாவது சொல்லணுமா?"

"வேற..." தொண்டை வரை வந்தது. "சமையல்கட்டுக் குழாய் சொட்டுது."

"வாஷர் போயிருக்கும். மாத்துங்க."

"ம்."

அவளுடைய பஸ் வந்தது. குடையை நீட்டினான். அவள் அதைப் பார்த்தாள், அவனைப் பார்த்தாள், நனைந்துகொண்டே ஏறினாள்.

*

முன்னோட்ட ஆட்டம் சரியாக நடக்குமா என்ற கவலை துணை முதல்வருக்கு வந்தது. அதற்கு ஒரு முன்னோட்டம் இருந்தால் நல்லது. ஆனால் அந்த முன்னோட்டத்தில் யாராவது பயன் பெற்றுவிட்டால் ஆய்வு கெட்டுவிடும். மூன்றாம் கூட்டம் முழுக்க இதிலேயே போனது. நிலையில் மாற்றமில்லை என்பது உறுதியானது. கடைசியில் துணை முதல்வரே வழி கண்டார்: பந்து இல்லாமல் ஆடுவது.

ஆடினார்கள். துணைப் பயிற்சியாளர் விசில் ஊதினான். பையன்கள் ஓடினார்கள், நின்றார்கள், எதையோ உதைத்தார்கள். சிறிது நேரத்தில் ஒருவன் கையைத் தூக்கி "கோல்!" என்று கத்தினான்.

"எங்கடா கோல்? வெளிய போச்சு," என்றான் இன்னொருவன்.

"கம்பத்துல பட்டு உள்ள போச்சுடா, குருடா!"

"நீ அடிச்சதே ஆஃப்சைடு!"

சட்டைக் காலரைப் பிடிக்கும் அளவுக்கு முற்றிவிட்டது. எல்லாரும் துணைப் பயிற்சியாளரைப் பார்த்தார்கள். அவன் குழுவைப் பார்த்தான். குழு கூடிப் பேசியது.

"கோல்தான்," என்று அறிவித்தார் துணை முதல்வர். "பந்து இருந்திருந்தா உள்ளதான் போயிருக்கும். நான் நேரா பாத்துக்கிட்டிருந்தேன்."

எழுத்தர் அம்மா ஒன்றுக்குப் பூஜ்யம் என்று எழுதிக்கொண்டார். பக்கத்தில் விறைப்பாக உட்கார்ந்திருந்த அவன் மனைவி, சட்டென்று வாயைப் பொத்திக்கொண்டாள். சிரிக்கிறாள் என்று மைதானத்தின் நடுவிலிருந்தே அவனுக்குத் தெரிந்தது. அவள் சிரித்துப் பார்த்து ரொம்ப நாளாகியிருந்தது. விசிலை வாயிலேயே வைத்துக்கொண்டு நின்றான்.

அடுத்த கூட்டத்தில், மாற்றமில்லை என்று இருவரும் சொல்லி முடித்ததும், அவள் கேட்டாள்.

"தலைவர் வழியா துணைப் பயிற்சியாளர்கிட்ட ஒரு கேள்வி. முன்னோட்டத்துக்கு முன்னோட்டம் ஆச்சு. இப்படியே சுத்திக்கிட்டே இருந்தா, உண்மையான ஆட்டத்தை எப்ப ஆடுவார்னு அவர் சொல்ல முடியுமா?"

துணை முதல்வர் அவன் பக்கம் திரும்பினார். "எப்ப?"

"அட்டவணை வந்ததும் சார்," என்றான் அவன்.

அவள் பேனாவை மூடி வைத்தாள்.

*

டெப்போ ஊழியர்கள் வேனில் வந்து இறங்கினார்கள். அவர்களுடைய கேப்டன் ஒரு பஸ் ஓட்டுநர். துணை முதல்வரின் தொடக்க உரையை அவர்கள் வெயிலில் நின்று கேட்டார்கள்.

"இன்னிக்கு நீங்க ஜெயிக்கறீங்களா தோக்கறீங்களாங்கறது முக்கியமில்ல. நாங்களும் அதே மாதிரிதான், எந்த விஷயத்திலயும் முடிவைப் பாக்கறதில்ல. செஞ்ச முறை சரியான்னு மட்டும்தான் பாப்போம். அதனாலதான் இத்தனை வருஷமா இந்த நிறுவனம் அப்படியே இருக்கு."

பயன் பெறும் ஐந்து பேருக்கு மஞ்சள் பனியன். பயன் பெறாத ஐந்து பேருக்குச் சாம்பல் பனியன். பதினோரு பேர் இறங்க வேண்டும் என்பது ஆட்ட விதி. ஆகவே சாம்பல் பனியன்களும் அவரவர் இடத்தில் நின்றார்கள். ஓடக்கூடாது. பந்து தானாக வந்து பட்டால் பரவாயில்லை. ஆனால் அதை ஆர்வத்தோடு பார்க்கக்கூடாது.

கொஞ்ச நேரம் ஆடியபின் ஓட்டுநர் மெதுவாகத் துணைப் பயிற்சியாளரிடம் வந்தார்.

"சார், அந்தச் சாம்பல் பனியன் தம்பிங்க ஏன் அசையாம நிக்கிறாங்க? எங்க மேல ஏதாச்சும் கோவமா?"

"இல்லண்ணே. அவங்க பயன் பெறாதவங்க."

ஓட்டுநர் அவர்களைப் பரிவோடு பார்த்தார். "எங்க டெப்போலயும் நாலு பேரு இப்படித்தான் இருக்காங்க சார். பனியன்தான் குடுக்கல."

மஞ்சள் பனியன் ஐவரும் பத்துப் பேருக்கான ஓட்டத்தை ஓடி நாக்குத் தள்ளிப்போனார்கள். டெப்போ இரண்டு கோல் போட்டது. "மன்னிச்சுக்கங்க சார், தானா போயிடுச்சு," என்று ஒவ்வொரு கோலுக்கும் ஓட்டுநர் வந்து கும்பிட்டார். முன்பெல்லாம் அவர்கள் கோல் போட்டதே இல்லை.

இரண்டாம் பாதி தொடங்கியது. இப்போது தூண் பயன் பெறக்கூடாது. மைதானத்துக்கு முதுகைக் காட்டி, வலையைப் பார்த்து நிற்கும்படி குழு முடிவெடுத்திருந்தது. நின்றான்.

டெப்போக்காரர்கள் பந்தைக் கோல் வரை கொண்டுபோய்விட்டு நின்றார்கள். ஒருவன் பக்கத்தில் தட்டினான். அவன் பின்னால் தட்டினான். யாரும் அடிக்கவில்லை.

"அடிங்கய்யா!" என்று கோட்டுக்கு வெளியிலிருந்து கத்தினார் துணை முதல்வர். "ஆய்வு கெடுது!"

"முதுகைக் காட்டி நிக்கிறவனைப் பாத்து எப்படி சார் அடிக்கிறது?" என்றார் ஓட்டுநர். "மனசு வரலியே."

ரொம்பவும் வற்புறுத்திய பிறகு, தூங்குகிற குழந்தையை நகர்த்துவது போலப் பந்தைத் தட்டிவிட்டார். அது உருண்டு போய்த் தூணின் குதிகாலில் பட்டு, கோட்டுக்கு இந்தப் பக்கமே நின்றது.

துணை முதல்வர் உள்ளே ஓடினார். "தடுத்திட்டானே! பயன் பெற்றுட்டானா?" தூணின் தோளைத் திருப்பினார். "தம்பி, உண்மையைச் சொல்லு. உனக்கு ஏதாவது பிரயோஜனம் ஆச்சா?"

"இல்ல சார்."

"நிச்சயமா?"

"காலேஜ்ல சேர்ந்ததிலிருந்தே இல்ல சார்."

எழுத்தர் அம்மா அதை அப்படியே எழுதிக்கொண்டார்.

டெப்போ ஜெயித்தது. தாங்கள் என்ன தப்புச் செய்தோம் என்று புரியாமல், அந்த வருடம் பன்னைக்கூட எடுத்துக்கொள்ளாமல் வேனில் ஏறிப் போனார்கள்.

*

பெற்ற பயன் கசிந்துவிடக் கூடாது என்று அடுத்த உத்தரவு வந்தது. மஞ்சளும் சாம்பலும் நிஜ ஆட்டம் வரைக்கும் ஒருவரோடு ஒருவர் பேசக்கூடாது. சாப்பாட்டுக் கூடத்தில் தனித்தனி நேரம். விடுதியில் தனித்தனி மாடி. தூண் காலையில் மஞ்சளோடும் மாலையில் சாம்பலோடும் இருக்க வேண்டும். மதியத்தில் எங்கே இருப்பது என்று உத்தரவில் இல்லாததால் மதியம் முழுக்கப் படிக்கட்டில் உட்கார்ந்திருந்தான்.

அணியில் இரண்டு பேர் பள்ளிக்கூடத்திலிருந்தே கூட்டாளிகள். ஒருவன் நடுக்களத்தில் ஆடுகிறவன், மற்றவன் முன்வரிசையில். ஒரே சைக்கிளில்தான் வருவார்கள்; யார் மிதிப்பது என்று தினமும் சண்டை போடுவார்கள். நடுக்களத்தவன் மஞ்சள். முன்வரிசையான் சாம்பல். முதல் சில நாள் உத்தரவை மீறி ஜன்னல் வழியாகக் கைகாட்டிக்கொண்டார்கள். பிறகு அதுவும் நின்றது. சைக்கிள் கொட்டகையில் காற்றுப்போய்க் கிடந்தது.

நிஜ ஆட்டத்தன்று, விசில் ஊதுவதற்குச் சற்று முன்னால், இனிப் பேசலாம் என்று சுற்றறிக்கை வந்தது. துணைப் பயிற்சியாளர் அதை உடைமாற்றும் அறையில் வாசித்தான். பையன்கள் கேட்டார்கள். மஞ்சள்கள் அந்தப் பெஞ்சில், சாம்பல்கள் இந்தப் பெஞ்சில். யாரும் எதுவும் பேசவில்லை.

மைதானத்திலும் அப்படித்தான். கால்பந்தில் வாய்தான் முதல் ஆட்டக்காரன். "எனக்கு!", "பின்னால ஆள்!", "விடு, நான் பாத்துக்கறேன்!" என்று கத்திக்கொண்டே இருக்க வேண்டும். அன்று எதிரணி மட்டும்தான் கத்தியது. இவர்கள் பக்கம் காலணிச் சத்தம் மட்டும் கேட்டது.

ஒரு கட்டத்தில் நடுக்களத்தவனிடம் பந்து இருந்தது. முன்வரிசையான் வலது பக்கத்தில் தன்னந்தனியாக நின்றான். எதிரே ஒருவரும் இல்லை, கொடுத்தால் கோல். அவன் கையைக்கூடத் தூக்கவில்லை. இவனும் அந்தப் பக்கம் பார்க்கவில்லை. எதிரணிக்காரன் வந்து, பந்தைக் கேட்டு வாங்கிக்கொண்டு போவது போல எடுத்துக்கொண்டு போனான்.

ஐந்து கோல் வாங்கித் தோற்றார்கள்.

எல்லாரும் போன பிறகு முன்வரிசையான் மட்டும் கோட்டோரம் உட்கார்ந்து காலணியைக் கழற்றிக்கொண்டிருந்தான். துணைப் பயிற்சியாளர் பக்கத்தில் போய் நின்றான்.

"அவ்வளவு தோதா நின்னியேடா. ஏன் பந்தைக் கேக்கல?"

"நான் அங்க நிக்கறது அவனுக்குத் தெரியும் சார்."

"தெரிஞ்சா?"

"தெரிஞ்சா அவனாக் குடுக்கணும். எதுக்குக் கேக்கணும்?"

"கேட்டாத்தானடா..." என்று ஆரம்பித்தவன் மேலே சொல்லவில்லை. குனிந்து காலித் தண்ணீர்ப் புட்டிகளைப் பொறுக்கத் தொடங்கினான். எல்லாவற்றையும் பொறுக்கி முடித்தும் குனிந்தபடியே நின்றான். பார்வையாளர் காலரியில் அவள், ஆய்வுக்காக எண்ணிக் குறித்த அட்டையை மடியில் வைத்துக்கொண்டு இன்னும் உட்கார்ந்திருந்தாள். எண்ணுவதற்கு இனி ஒன்றும் இல்லை. ஆனாலும் எழுந்து போகாமல் இருந்தாள்.

*

கடைசிக் கூட்டத்துக்கு விருந்தினர் புட்டிகளைத் திறக்க அனுமதி கிடைத்தது. துணை முதல்வர் புதுச் சட்டை போட்டிருந்தார். அறிக்கையை நின்றபடி வாசித்தார்.

"முன்னோட்ட ஆட்டத்தால் பயன் உண்டு என்று இக்குழு ஐயமற நிறுவியுள்ளது. அந்தப் பயன் அணியைச் சென்று சேரவில்லை என்பது அணியின் குறையே அன்றிப் பயனின் குறை அன்று. மேலும், பயன் பெற்ற ஐவரும் பெறாத ஐவரும் சற்றும் வேறுபாடின்றி ஒரே அளவில் மோசமாக ஆடினர். இத்தகைய சமநிலை இந்நிறுவன வரலாற்றில் இதுவே முதல் முறை."

பெரிய மாஸ்டர் கை தட்டினார். பிறகு எதற்குத் தட்டினோம் என்று சுற்றிலும் பார்த்தார்.

"அடுத்த வருஷத்துக்கான பரிந்துரை," என்று தொடர்ந்தார் துணை முதல்வர். "ரெண்டு தரப்பையும் வருஷம் முழுக்கப் பிரிச்சே வைக்கலாம். பழகிட்டா அவங்களுக்கும் கஷ்டம் தெரியாது. பாருங்க, நம்ம குழுவிலயே ரெண்டு பேர் எவ்வளவு ஒழுங்கா, ஒரு குரல்கூட உசராம நடந்துக்கிட்டாங்க! நான் அவங்களைத்தான் உதாரணமா எழுதியிருக்கேன்." அன்போடு இருவரையும் பார்த்துப் புன்னகைத்தார். "கையெழுத்துப் போடலாமா?"

தாள் மேசையைச் சுற்றி வந்தது. பெரிய மாஸ்டர் போட்டார். அவள் போடவில்லை, பேனா கையில் இருந்தது.

"சார்," என்றார் எழுத்தர் அம்மா. "ஆரம்பத்துல நிலை மாற்றம் கேக்க மறந்துட்டீங்க. அதில்லாம கையெழுத்து செல்லாதுங்களே."

"அடடா. பூர்வாங்கமாக் கேக்க வேண்டியது." துணை முதல்வர் நெற்றியைத் தட்டிக்கொண்டார். "சம்பிரதாயம்தான். நிலையில் மாற்றம் உண்டா? அம்மா?"

அவள் தாளையே பார்த்தாள். "என் பக்கத்தில சொல்றதுக்கு ஒண்ணுமில்ல சார். துணைப் பயிற்சியாளரைக் கேளுங்க."

"தம்பி?"

மின்விசிறி முனகியது. எழுத்தர் அம்மா 'இல்லை' என்பதை முன்கூட்டியே பாதி எழுதிவிட்டார்.

அவன் எழுந்தான். நாற்காலி பின்னால் சரிந்து சுவரில் இடித்தது. "தலைவர் வழியா..." என்றான்.

"சொல்லுங்க, சொல்லுங்க. என்னைப் பாத்துச் சொல்லுங்க."

அப்பா எப்படி இருக்காங்க என்று ஆரம்பிக்கலாம். குழாய் இன்னும் சொட்டுகிறது என்று சொல்லலாம். இரண்டும் வாய் வரைக்கும் வந்தன. மேசையின் அந்தப் பக்கம், அவள் குனிந்து செருப்பின் வாரைச் சரிசெய்துகொண்டிருந்தாள். அது ஏற்கெனவே மாட்டித்தான் இருந்தது.

அவன் துணை முதல்வரை விட்டுத் திரும்பினான்.

"வீட்டுக்கு வா," என்றான். "நான் கூப்பிடறேன். வா."